மண்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தி.நகரில் நடந்தது இதன் முதல் பாதி. இரண்டாம் பாதி நாலு மாதம் கழித்து, சிந்தாதிரிப்பேட்டையில், என் தங்கையின் மாமியார் வீட்டுக் கூடத்தில் நடந்தது. முதல் தடவை அவளைக் கீழே தள்ளியவன் யாரென்று இன்று வரை தெரியாது. இரண்டாம் தடவை தள்ளியவர்கள் எல்லோரையும் தெரியும். அதில் நானும் ஒருவன்.

நான் எலக்ட்ரீஷியன். குடியிருப்பது ராயப்பேட்டை, வேலை பெரும்பாலும் மயிலாப்பூர், மந்தைவெளி ஃபிளாட்டுகளில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், என்னைவிட ஒன்பது வயது சின்னவளான தங்கையைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் நான்தான். அந்த உரிமையில் அவளைத் திட்டவும் செய்வேன். கல்யாணத்துக்குப் பிறகும், ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகும், அவள் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பயங்கர வாயாடி. சண்டை போட வந்த வாடிக்கையாளரிடமே இன்னொரு புடவை விற்று அனுப்புகிற ரகம்.

அன்றைக்கு சாப்பாட்டு இடைவேளையில் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க ரோட்டைக் கடந்திருக்கிறாள். ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக வந்த பைக் அவளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்மண்டை நடைபாதை விளிம்பில் மோதிவிட்டது. கடைப் பெண்கள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக் கசிவு, ஆனால் ஆபரேஷன் தேவையில்லை, தானாகவே வற்றிவிடும் என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு.

அந்த மூன்று வாரமும் அவள் தேறித்தான் வந்தாள். என் மனைவி அவளை எதுவும் கேட்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள், டிவியைச் சின்னதாக வைப்பாள், தூங்கினால் கதவைச் சாத்திவிடுவாள். வார்த்தை தடுமாறினாலும் பேச்சு வந்துவிட்டது. சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். சோர்வு மட்டும் இருந்தது. அது போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

அவளைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பி வைத்தது நான்தான். "எத்தினி நாளைக்குத்தான் பொறந்த வீட்லயே கீறது, ஊர் இன்னா பேசும்" என்று அவள் மாமியார் ஒரு தடவைதான் சொன்னார். நான் மறுநாளே ஆட்டோ பிடித்துவிட்டேன்.

தலையில் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் ஒரு காரியம் செய்வார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், செய்தும் இருப்பீர்கள். உள்ளே வந்ததும் முகத்துக்கு நேராகக் குனிந்து, "என்னத் தெரியுதா? என் பேரு இன்னா சொல்லு பாப்போம்" என்பார்கள். அந்த வீட்டில் வாரத்துக்குப் பத்துப் பேர் வந்து இதைக் கேட்டார்கள். தெரிந்தவர் பேராக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு வராது. நெற்றி வியர்க்கும். தப்பாக ஒரு பேர் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். போகும்போது வாசலில் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரியே, "பாவம், மெண்டலாயிட்டா போலக்கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆப்பிள் வாங்கி வந்தார்களாம், அக்கறையாம்!

மாமியார் தினமும் அவள் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, இன்றைக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்று பக்கத்து வீடு வரைக்கும் அறிவிப்பார். குழந்தையை அவளிடம் படுக்கவிடவில்லை. "தூக்கம் வந்தா பொணம் மாதிரி தூங்குறா, கொயந்தைய நசுக்கிப்புடுவா" என்றார். காலையில் எட்டு மணிக்கு எழுந்தால் சோம்பேறி. பகலில் படுத்தால் நடிப்பு. மாசி மாத வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிறுக்கு. அவள் புருஷன் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர்தான். ஆனால் அம்மா பேச ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நல்ல மனிதர்கள் வெளியே போய்விடுவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, விடுங்கள்.

அடிபட்ட மூன்றாவது மாதம் அவள் முன்னைவிட மோசமானாள். எங்கள் வீட்டில் சுலபமாகச் சொன்ன வார்த்தைகள்கூட வரவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் புது ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தம் எல்லாம் வற்றிவிட்டது, எல்லாம் நார்மல், மனசுதான் காரணம், கோயில் குளம் என்று போய்வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. வியாதி இல்லை என்றால் இவளைத் திருத்திவிடலாமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். கூடத்தில் மாமியார், அவள் புருஷன், புருஷனின் பெரியப்பா. பெரியப்பா பேச்சை ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காத நைனா. ரிப்போர்ட்டு கிளியரா கீது. ஆனா வேல செய்ய மாட்டேன்றா, பேச மாட்டேன்றா, பெத்த கொயந்தையக்கூட பாத்துக்க மாட்டேன்றா. நீ இட்டுக்கினு போயி வெச்சிக்க. குணமானா பாக்கலாம்."

"இல்லன்னா?" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாமியார் சுவரைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் தங்கை உள்ளேயிருந்து டீ எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாக அவளுக்குக் காய்ச்சல், வாந்தி. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் கண் இருந்தது அல்லவா எனக்கு? உதடு வெளுத்துக் கிடந்ததையும், தட்டு கையில் ஆடியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு அவமானமாக இருந்தது. வாழாவெட்டியாக வந்து நிற்கப்போகிறாளே, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக்கொடுத்தேனே என்கிற எரிச்சல் எல்லாம் சேர்ந்து அவள்மேல் பாய்ந்தது.

"ஒடம்புல ஒண்ணும் இல்லன்றாங்க, அப்பறம் இன்னாடி உனக்குக் கேடு? எல்லார் மானத்தையும் வாங்கிக்கினு! ஒழுங்கா இருக்க முடியுமா முடியாதா, இப்பவே சொல்லு!"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. தட்டு விழுந்தது. பிறகு அவள் விழுந்தாள். சத்தமே இல்லாமல், மடித்து வைத்த துணி சரிகிற மாதிரி.

"பாத்தியா தம்பி, உன் எதிர்லயே நடிக்கிறா" என்றார் மாமியார்.

ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரு முழு நிமிஷம், நானும் அப்படித்தான் நினைத்தேன். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "ஏந்திரு" என்றேன். மறுபடி, "ஏந்திருடி" என்றேன். அவள் புருஷன்தான் முதலில் குனிந்து கையைத் தொட்டார். "மச்சான், ஜில்லுனு கீது மச்சான்" என்றார். அவர் குரலைக் கேட்டதும்தான் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். இரண்டும் அடிமட்டத்தில் கிடந்தன. டிரிப்பை ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். வாந்தி எத்தனை நாளாக, தலையில் அடிபட்டது எப்போது, குளிர் தாங்குகிறாளா என்று வரிசையாகக் கேட்டார். நானும் அவள் புருஷனும் சொல்லிக்கொண்டே வந்தோம். பிறகு கேட்டார்: "அடிபட்டதுக்கு அப்புறம் பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! சுற்றிலும் ஆட்கள். தங்கச்சியைப் பற்றி அண்ணனிடம் கேட்கிற கேள்வியா இது?

"மண்டைல அடிபட்டவளப் பத்தி இன்னா கேள்வி கேக்குறீங்க? மண்டைக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்? அங்க உயிர் போய்க்கினு கீது!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

அந்தப் பெண் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. "நீங்க கோவப்படுங்க சார், பரவாயில்ல. எனக்குப் பதில் மட்டும் வேணும். தெரியலன்னா தெரிஞ்சவங்களுக்குப் போன் போடுங்க. இப்பவே" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தேன். "அம்மாக்குத்தான் தெரியும்" என்றார். கட்டின பெண்டாட்டியைப் பற்றி! என் மனைவிக்குப் போன் போட்டேன். கேள்வியைச் சொல்வதற்கே எனக்கு நாக்கு புரளவில்லை. எப்படியோ கேட்டேன்.

"நாலு மாசமா வர்லியாம். அடிபட்ட நாள்லர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட எப்டி சொல்றது? சொன்னா இன்னா பண்ணியிருப்ப? கத்தியிருப்ப."

பிறகு அவள் மீதியையும் சொன்னாள். நாள் தள்ளிப்போனதும் மாமியார் சந்தோஷப்பட்டிருக்கிறார், இந்தத் தடவை ஆண் பிள்ளை என்று. கடையில் கிட் வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இல்லை என்று வந்ததும், அன்றையிலிருந்து "காஞ்சிப்போன மரம்" என்கிற பேச்சு. வெளியே தள்ளிவிட வேண்டும் என்கிற யோசனை அங்கேதான் பிறந்திருக்கிறது. கர்ப்பமா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, கர்ப்பம் இல்லை என்றால் பிறகு ஏன் நின்றது என்று கேட்கத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கத் தெரியவில்லை.

பதிலைச் சொன்னதும் டாக்டர் ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று ஒரு ஊசியையும் போட்டார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் உள்ளே கூப்பிட்டார்கள். தங்கை கண்ணைத் திறந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. "பசிக்குதுணா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று எனக்கு நினைவில்லை.

டாக்டர் என்னையும் அவள் புருஷனையும் தனியாக அழைத்துச் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்று பேர். உடம்பில் மற்ற ஹார்மோன்களை எல்லாம் சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது அதுதான். தலையில் பலமாக அடிபட்டால் சில பேருக்கு அது கெட்டுவிடும். சாதாரணமாகப் பார்க்கிற ஸ்கேனில் தெரியாது. மாதவிலக்கு நிற்கும், குளிரும், சோர்வு அடித்துப் போடும், யோசனை மந்தமாகும்.

"நமக்குக் காய்ச்சல் வந்தாலோ, யாராவது நம்மளத் திட்டினாலோ, பயந்துட்டாலோ, உடம்பு உடனே ஒரு ஹார்மோனச் சுரந்து தாங்கிக்கும். கார்டிசால்னு பேரு. இவங்களுக்கு அது வர்றதில்ல. ரெண்டு நாள் காய்ச்சல், வாந்தி, சாப்பாடு இல்ல, அதோட நிக்க வெச்சு வேல வாங்கியிருக்கீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாகியிருந்தா நான் உங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு இருக்க மாட்டேன்."

அவள் புருஷன், இத்தனை நாள் பேச்சு மோசமானதும் இதனால்தானா என்று கேட்டார்.

"இதுவும் ஒரு காரணம். இன்னொண்ணும் சொல்றேன். ஹார்மோன் ஒழுங்கா இருக்கிறவங்களுக்கே, அடிபட்ட மூளை ஆறணும்னா நிம்மதி வேணும். தினம் பயந்துகிட்டு, பத்துப் பேர் முன்னாடி அவமானப்பட்டுகிட்டு இருந்தா ஆறுறது தள்ளிப்போகும். இவங்கள வீட்ல எப்படி வெச்சிருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கையிலிருந்த சீட்டைப் புரட்டினார்.

"நடிக்கிறாங்கன்னு யாரோ சொன்னதா ஓ.பி. சீட்டுல எழுதியிருக்கே, யார் சொன்னது?" என்றார். பதிவு செய்யும்போது நான்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பதற்றத்தில் வாயில் வந்தது. அதை எழுதியும் வைத்துவிட்டார்கள்.

சாயந்திரம் மாமியார் வந்தார். விஷயத்தை மகன் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். "மாசா மாசம் வர்றது நிக்கறதுக்கும் மண்டைக்கும் இன்னாடா சம்மந்தம்? இவனுங்க ஊசி போட ஒரு சாக்கு."

நான் எழுந்துவிட்டேன். மூன்று மாதமாக அந்த வீட்டில் நடந்தது ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். பேர் கேட்ட கூட்டம், உப்பு, ஸ்வெட்டர், காஞ்சிப்போன மரம். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் நடுவில் எனக்கே உறைத்தது. அந்த அம்மா கேட்ட கேள்வியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், காலையில் நான் கேட்டிருக்கிறேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். எனக்கு என்ன வந்தது?

அதற்குள் நர்ஸ் வெளியே வந்தார். "யாருய்யா அது கத்துறது? உள்ள அந்தப் பொண்ணு போர்வைய முகத்துல இழுத்துப் போட்டுக்கினு நடுங்குது. திரும்ப பிரஷர் எறங்கணுமா?"

உட்கார்ந்துவிட்டேன். அவளுக்காகத்தான் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளையே மறுபடி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்னதை உறுதிப்படுத்தியது. இப்போது காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் ஒரு மாத்திரை, தைராய்டுக்கு ஒன்று. காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவை டாக்டர் சொன்னபடி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள்கூட விடக்கூடாது. பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறாள், எங்காவது மயங்கி விழுந்தால் என்ன ஊசி போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அவள் புருஷன் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ரூம் வாடகைக்குப் பிடித்து, அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த அம்மா இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லவில்லை. "நாங்க பாத்துக்கினதாலதான் பொழச்சா" என்று சொல்வதாகக் கேள்வி.

ஒரு வருஷம் கழித்துப் பழைய கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள், பாதி நேரத்துக்கு. கூட்டம் அதிகமானால் இன்னும் வார்த்தை தடுமாறுகிறது. அப்போது கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையோடு மெரினாவுக்குப் போனோம். குழந்தை தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அந்த மூன்று மாதம் மாமியார் வீட்டில் பேசினதெல்லாம் மனசில் இருக்கிறதா என்று.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாதி ஞாபகமே இல்லணா. அத்த இன்னா சொன்னாங்க, வந்தவங்க இன்னா சொன்னாங்க, எல்லாம் மேகமூட்டமா கீது. நீ கூடத்துல நின்னுக்கினு கேட்டது மட்டும் அப்டியே கீது." அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு குழந்தை ஆழத்துக்குப் போகிறது என்று எழுந்து ஓடினாள்.

நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாமியார்மேல், நாலு நிமிஷத்தில் கைகழுவிய அந்தக் கிளினிக்காரர்மேல், பேர் கேட்டுச் சிரித்த அத்தனை பேர்மேலும் எனக்கு இருக்கிற கோபம் ஒருநாள் ஆறினாலும் ஆறும். என்மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை, அது ஆறிவிடக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.